பிள்ளையின் நடைக்கு எந்தத் துணை?



லோயர் கேம்ப்பில் எமது மக்தபிற்கு வரும் ஏழு வயதுச் சிறுவனுக்கு மூளை முடக்குவாதம். பிறவியிலேயே கால் தசைகள் இறுகியவை. அவனுடைய மாமா பிரியத்துடன் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி வந்தார். மின்நிலையக் குழாய்கள் மலையிலிருந்து இறங்கும் ஊர் இது, தெருவும் சரிவு. முதல் நாளே வாக்கர் முன்னே ஓட, பிள்ளை முகங்குப்புற விழுந்தான். நெற்றியில் இரண்டு தையல். "இனி அது வேண்டாம் ஹஜ்ரத், அத்தாவே தூக்கி வரட்டும்" என்றான். அத்தா எத்தனை ஆண்டு தூக்குவார்?

பெருநாள் சட்டைக்குத் தையற்காரரிடம் பிள்ளையை நிறுத்தி அளவு கொடுக்கிறோம். இதை மட்டும் பிள்ளை இல்லாமலே கடையில் வாங்கிவிடுகிறோம்!

தேனிக்கு அழைத்துச் சென்று இயன்முறை மருத்துவரிடம் காட்டினோம். அவர் முதலில் கேட்டது, "வீட்டு வாசலில் படி எத்தனை, தெரு எப்படி?" என்பதே. கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருத்தல் வேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்றே மடியவேண்டும். முன்னே தள்ளும் வாக்கரில் கூனி நடக்கும் பிள்ளைக்கு, முதுகுப்புறம் வளைந்து நிற்கும் வாக்கர் நிமிர்ந்து நடக்க உதவக்கூடும். இவனுக்கு அதுவே பொருந்திற்று. அக்குள் கட்டை பயன்படுத்தும் பிள்ளையாயின், அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி தேவை. பாரத்தை உள்ளங்கை தாங்கவேண்டும். அக்குள் தாங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும்.

கைக்குழந்தையை உட்காரவைக்கும் வட்ட வாக்கர் வேறு. அது நடை பழக்காது. விபத்துகளைக் கண்ட கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அரசுத் திட்டங்களின் வழியே உபகரணம் கேட்டுப் பெறலாம். இலவசம் என்பதற்காகப் பெரியவர் அளவை வாங்கி வந்துவிடாதீர்கள்.

கட்டையின் அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்; ஒளூச் செய்யும் ஈரத்தரையில் அது வழுக்கும். பள்ளிவாசலுக்குள் கட்டையா என்று முகஞ்சுளிப்போரும் உளர். வாசலில் ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது. அதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்தலாமா?

இன்று அவன் வீட்டிலும் மக்தபிலும் தனியே நடக்கிறான். சரிவில் மட்டும் அத்தா உடன் வந்து வாக்கரைப் பிடித்துக்கொள்கிறார். பிள்ளை வளர்கிறானல்லவா, ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளவு பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற வாரம் கைப்பிடியை ஒரு துளை உயர்த்தினோம்.