காலிக் கோட்டையில் நாம் பார்க்காத சரக்கு

மறுபடியும் ஒருத்தர் காலிக் கோட்டை போட்டோ போட்டிருக்கார். (ஊர் பேர்தான் காலி, கூட்டத்துக்குக் குறைவில்லை.) மதில், கலங்கரை விளக்கம், அஸ்தமனம், கீழே "டச்சுக்காரன் கட்டினது பாருய்யா, சுனாமிக்கே அசையல!". மதில் அசையல, சரி. ஆனா அதே 2004 சுனாமி அங்கிருந்த கடல்சார் அருங்காட்சியகத்தை விட்டு வைக்கலைங்க.

அது இருக்கற கட்டடம் வி.ஓ.சி.யோட பழைய சரக்குக் கிடங்கு. (நம்ம வ.உ.சி. இல்லை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி!) அங்க போனவங்க எல்லாரும் சிலாகிக்கறது 'அவொண்ட்ஸ்டர்'ங்கற கப்பலை. பாக்கு ஏத்திக்கிட்டு இந்தியா கிளம்ப இருந்தது, 1659 ஜூலை 2 அன்னிக்கு காலித் துறைமுகத்துக்குள்ளயே மூழ்கிருச்சு. பாவம் கப்பல்னு உச்சு கொட்டிட்டு வந்துடறோம்.

அந்த 1659-ஐக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் நாகப்பட்டினம் டச்சுக்காரங்க கைக்குப் போச்சு. தஞ்சாவூர்ச் சீமைல பிஜப்பூர்ப் படை புகுந்து வயலெல்லாம் நாசம், பஞ்சம். 1659லேர்ந்து 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான இடங்கள் வழியா 8,000லேர்ந்து 10,000 பேர் அடிமைகளா கப்பலேறினாங்கன்னு வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் எழுதறார். பெரும்பாலோர் போனது இலங்கைக்கு. அவங்களும் கம்பெனி கணக்குல சரக்குதான், பாக்கு மாதிரி.

"பட்டினியில செத்திருப்பாங்க, கம்பெனி காப்பாத்துச்சு"ன்னு ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். காப்பாத்தறவன் கஞ்சி ஊத்துவான் சாமி, விலை பேச மாட்டான். பஞ்சத்துல மனுஷன் மலிவா கிடைச்சான், வாங்கினான். வித்ததுல நம்ம ஊர்க்காரங்களுக்கும் பங்கு உண்டு, அதையும் சேர்த்தே சொல்றேன்.

எரிச்சல் என்னன்னா, இதே காலில 1911-ல கிடைச்ச மும்மொழிக் கல்வெட்டுன்னா மட்டும் நமக்கு மீசை துடிக்கும். 1409-லயே சீனாக்காரன் தமிழ்ல பொறிச்சான்னு வருஷத்துக்கு நாலு பதிவு. (கல்லு இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கு.) கல்லுல ஏறின தமிழுக்கு அவ்வளவு கொண்டாட்டம். கப்பல்ல ஏறின தமிழனுக்கு நான் படிச்ச பயணப் பதிவுகள்ல ஒரு வரி கூட இல்லை.

மதிலைப் புகழ வேணாம்னு சொல்லலை. அந்தக் கிடங்கு வாசல்ல நின்னு போஸ் குடுக்கறவங்க, போட்டோவுக்குக் கீழ 1659-61ன்னு போட்டு அந்த எட்டாயிரத்தையும் எழுதுங்க. டச்சுக்காரனுக்குக் குடுத்த இடத்துல பாதி போதும்.