அணைக்கு எந்திரம், ஆளுக்கு?

அணைச் சுவரில், தண்ணீருக்கு அடியில் விரிசல் விழுந்தால் எப்படித் தெரியும்? முன்பெல்லாம் மனிதன் முக்குளித்துத்தான் பார்க்க வேண்டும். இன்று எந்திரமே இறங்குகிறது. அதில் காமிரா உண்டு, விளக்கு உண்டு. கரையில் இருப்பவர் திரையில் பார்த்தபடியே அதை ஓட்டுகிறார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த 'பிளானிஸ்' நிறுவனம் 2015 முதல் இப்படிப்பட்ட எந்திரங்களைச் செய்து வருகிறது. அணை, துறைமுகம், பாலம் எல்லாவற்றையும் அவற்றால் சோதிக்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் அதற்கு வேலை நிறைய உண்டு. 1944-ல் கட்டிய பூண்டி ஏரி, 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

நல்லது. ஆனால் மனிதரைக் காப்பாற்ற என்ன இருக்கிறது?

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். தண்ணீரில் மூச்சு நின்றால் நாலைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். அதற்குள் எந்த எந்திரம் வந்து சேரும்? பிறகு வந்தால் உடலைத்தான் தேடலாம்.

படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை; குளக்கரையில் ஒரு மிதவை வளையமும் நீளக் கயிறும். உயிரைக் காப்பது இவைதான். எந்திரத்தின் விலைக்கு முன் இவை கொசுறு!

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஆலைகள் ஆளுக்கு ஒரு குளத்தை ஏற்றுக்கொள்ளலாம். வாங்கி வைத்ததைப் பஞ்சாயத்து காக்க வேண்டும்.

மக்களுக்கும் பொறுப்பு உண்டு. படகில் கால் வைக்கும் முன், "சட்டை எங்கே?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் ஏறவே கூடாது.