தப்பு ஆபீஸோடது, பாதி மாத்திரை பெரியவருக்கா?

தாராபுரத்துல நம்ம கிளினிக்குக்கு வருஷக்கணக்கா வர்ற ஒரு பெரியவர். அரசு ஆபீஸ்ல உதவியாளரா இருந்து ரிட்டயர் ஆனவர். எப்பவும் 140-ஐத் தாண்டாத பிரஷர் நேத்து 190. "மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போட்டா ஆகாதுங்களா டாக்டர்?"னு கேக்குறார். ஏனுங்கய்யான்னா, மஞ்சப்பையில இருந்து ஒரு லெட்டரை எடுத்து நீட்டுறார்.

பல வருஷம் முந்தி சம்பளம் நிர்ணயிச்சதுல தப்பாம். அதனால பென்ஷனும் கூடப் போயிருச்சாம். இனி மாசாமாசம் பிடிப்பாங்களாம். கணக்குப் போட்டதும் இவரில்ல, சரிபார்த்ததும் இவரில்ல.

நான் தப்பான டோஸ் எழுதிட்டு, பத்து வருஷம் கழிச்சு பேஷண்ட்கிட்டயே நஷ்டத்தைக் கேட்டா சும்மா விடுவீங்களா?

"மக்கள் வரிப்பணம் இல்லையா?"னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். இனிமே தர்றதைச் சரிபண்ணட்டும், அது வேற. சாப்பிட்டுத் தீர்த்த காசை 70 வயசுல திருப்பிக் கேக்குறதுதான் அநியாயம்.

2014 டிசம்பர்ல ரஃபீக் மசி வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. கடைநிலை ஊழியர்கிட்டயும், ரிட்டயர் ஆனவங்ககிட்டயும், ஒரு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறவங்ககிட்டயும் பிடிக்கக்கூடாது. அஞ்சு வருஷத்துக்கு மேல கூடுதலா கொடுத்திருந்தாலும் கூடாது. ஏமாத்தி வாங்கியிருந்தா கதை வேற.

அப்புறமும் என்ன ஆச்சு? கேரளாவுல 1999-ல ரிட்டயர் ஆன ஆசிரியர் தாமஸ் டேனியல். பிடித்தம் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றத்துல தீர்ப்பு வாங்குனது 2022 மே மாசம். 23 வருஷம்! நம்ம பெரியவருக்கு அவ்வளவு ஆயுசு இருக்கா?

ஒரு எச்சரிக்கை. 2016-ல ஜக்தேவ் சிங் வழக்கு. அவர் நீதிபதியா இருந்தவர். கூடுதலா வந்தா திருப்பித் தர்றேன்னு முன்னமே எழுதிக் கொடுத்திருந்ததால தவணையில பிடிக்கலாம்னு தீர்ப்பு. அதனால எந்தப் பேப்பரையும் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. கணக்கு விவரத்தை எழுத்துல கேளுங்க. ஆட்சேபணையை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, டெலிவரி ஆனதுக்கான அத்தாட்சியைப் பத்திரமா வைங்க.

லெட்டர்ல கையெழுத்துப் போடுற அதிகாரிகளே, அனுப்பறதுக்கு முன்னாடி அந்த 2014 தீர்ப்பை ஒரு தடவை படிங்க. பெரியவங்களை ஹைகோர்ட் படியேற விடாதீங்க.

மாத்திரையை முழுசாப் போடச் சொல்லி அனுப்பியிருக்கேன். திங்கக்கிழமை வக்கீலைப் பாக்கப் போறாரு.