மரக்காலுக்குள் திரும்பிப் போன சீட்டு

குலுக்கி எடுக்கும் சொற்களே இனித் தமிழ்க்கவிதை என்றும், யாப்பும் கவிஞனின் ‘நான்’ என்ற செருக்கும் சேர்ந்து நெரித்த கழுத்தை இந்தக் குலுக்கல்தான் விடுவிக்கும் என்றும் நண்பர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தஞ்சாவூரில் அவர் அதை நிகழ்த்திக் காட்டியபோது முன்வரிசையில் இருந்து பார்க்கவும் செய்தேன். அவருடைய வாதத்தை அவருடைய கையே மறுத்ததைக் கண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முன்னோர் வேண்டுமே என்று அவர் முதலில் பிடித்துக்கொள்வது தேவாரத்தில் கயிறு சாத்துவதை. ஏட்டுக் கட்டுக்குள் நூலை நுழைத்து, அது நின்ற இடத்தைப் பிரித்து, அங்குள்ள பாட்டையே விடையாகக் கொள்வது சைவர்களின் பழைய வழக்கம். இது தற்செயல் கவிதை இல்லாமல் வேறென்ன என்கிறார். வேறுதான், ஐயா. பிள்ளையில்லாக் குறையோடு வந்த பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குச் சகலாகம பண்டிதர் கயிறு சாத்திப் பார்த்ததில் சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது என்பது மரபுக் கதை. நூல் நுழையும் முன்பே அந்தப் பதிகம் சந்தமும் எதுகையும் பிசகாமல் முழுசாக இருந்தது. தற்செயல் தொட்டது பாட்டையா, கேட்க வந்தவரையா? களப்பாளர் மனைவியோடு காவிரிக் கடைமடைத் திருவெண்காட்டுக்கே போய் முக்குளத்தில் நீராடினார். பிறந்த பிள்ளைதான் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் என்று கதை முடிகிறது. ‘இந்தப் பாட்டு வேண்டாம், இன்னொரு தரம் சாத்துங்கள்’ என்று களப்பாளர் கேட்கவில்லை.

அடுத்தது ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை. உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை (919, 921) நண்பர் பாதியோடு நிறுத்திவிட்டார். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்குக் குறையாமல் 70க்கு மேற்படாமல் வயது, கல்வி எல்லாம் பார்த்து, கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவுக்காரர்களையும் தள்ளிவிட்ட பிறகே ஓலை குடத்துக்குள் விழுந்தது. எடுப்பது ஒன்றும் அறியாத சிறுவன். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். எதற்கு இந்தக் கெடுபிடி? திருட்டு விரல் மடிப்பில்தான் ஒளியும் என்று அந்தச் சபையாருக்குத் தெரியும்.

மேல்நாட்டுச் சாட்சிகளும் பிறழ்சாட்சிகளே. 1920இல் நாளிதழை வெட்டிப் பையில் போட்டுக் குலுக்கச் சொன்ன டாடா கவிஞர் டிரிஸ்டான் ஜாரா, சீட்டுகள் வந்த வரிசையை மாற்றாமல் எழுதச் சொன்னார். பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ 1961இல் வெளியிட்ட நூலில் தத்தம் இடத்தில் நின்று எந்த வரியோடு எந்த வரி சேர்ந்தாலும் கவிதை, மொத்தம் ஒரு கோடி கோடி. அதற்காகப் பத்து சானெட்டின் 140 வரிகளையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் இயைபிலும் தொடரமைப்பிலும் இழைத்தார். யாப்பை உதறியவர் செய்கிற வேலையா இது?

இனி மேடைக்கு வருவோம். நெல் அளக்கும் மரக்காலில் நாளிதழ்த் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்தார் நண்பர். நான்காவது துண்டில் ‘யூரியா’ என்று இருந்தது. கொட்டை எழுத்து, எனக்கே தெரிந்தது. ஒரு கணம் பார்த்தார், கட்டைவிரலால் மடித்தார், மரக்காலுக்குள்ளேயே விட்டார். மறுபடி கை விட்டபோது ‘காவிரி’ வந்தது. குரல் தழுதழுக்க வாசித்தார், கைதட்டினார்கள்.

கவிஞனின் விருப்பு வெறுப்பை ஒழிக்க வந்த முறையில் அந்தக் கட்டைவிரலை ஆட்டியது யாருடைய விருப்பு? கவிஞன் செத்துவிட்டான் என்று எழுதியவரின் பெயர் அழைப்பிதழில் ஏன் அத்தனை பெரிதாக இருந்தது? அவருக்கு வேண்டியது தற்செயல் அல்ல, உழைக்காமல் கிடைக்கும் கவிஞர் பட்டம். காவிரி என்றாலே உருகும் சபையை நம்பி அதை வாங்கிக்கொண்டார். நடவு முடிந்து கூட்டுறவுச் சங்க வாசலில் உரத்துக்காகக் கால்கடுக்க நிற்கும் டெல்டாக்காரனின் சொல் அன்று தானாக அவர் கைக்கு வந்தது. குலுக்கல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, அவர்தான் செய்யவிடவில்லை.

அந்தச் சீட்டைத் தேடி எடுத்து, வந்த இடத்திலேயே வைத்து, அதே சபையில் அவர் திரும்ப வாசிக்கட்டும். முன்வரிசையில் வந்து உட்காருகிறேன்.