எண்ணும் ஏடும்

தியாகராய நகர்க் கடைவீதியிலே பட்டுச் சேலை ஒன்று தொங்குகின்றது. தெருவில் நின்று நோக்குவார்க்கு அதன் முந்தானையில் தோகை விரித்த மயில் ஒன்று தோன்றும். அணுகிச் சென்று உற்று நோக்கினால் மயில் மறைந்துவிடும். நீலமும் பச்சையும் பொன்னுமாகிய நூல்களே கண்ணுக்குப் புலனாகும். கணினித் திரையில் நாம் காணும் படங்களும் இத்தன்மையனவே. தொலைவில் உருவம்; அணுகினால் நிறப்புள்ளிகள். அப்புள்ளியைப் பிக்சல் என்று வழங்குவர்.

நெசவாளன் நூலால் நெய்கின்றான். கணினியோ எண்ணால் நெய்கின்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 ஆயின் கருமை. மூன்றும் 255 ஆயின் வெண்மை. இவற்றின் சேர்க்கையால் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்களைக் குறிக்கலாம். நிரல் எழுதுவோர் ஒரு புள்ளியின் இடத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், கணினி அம்மூன்று எண்களையும் விடையாகத் தரும். எனினும், கேட்கும் முறையையும் படிக்கும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓப்பன்சிவி என்னும் நிரல் தொகுதி அவ்வெண்களை நீலம், பச்சை, சிவப்பு என்னும் வரிசையில் தரும். அதனை அறியாதவன் குங்குமத்தை நீலம் என்று கூறுவான்!

மாணவர்களே, "புள்ளியின் நிறத்தை எண்ணாக அறிவதால் தமிழ் பயிலும் எமக்கு யாது பயன்?" என்று நீங்கள் வினவலாம். அதற்குரிய விடை சென்னையின் தென்பாகத்தில், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் உள்ளது. அங்கே டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் விளங்குகின்றது. 1855-ஆம் ஆண்டு பிறந்து 1942-ஆம் ஆண்டு மறைந்த ஐயரவர்கள், ஊர் ஊராகச் சென்று ஓலைச்சுவடிகளைத் தேடினார்கள். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார்கள். அவர்கள் பெயரால் 1943-இல் தொடங்கப்பெற்ற அந்நூல் நிலையம், அவர்கள் தொகுத்த சுவடிகளைப் போற்றிக் காத்து வருகின்றது.

ஏட்டில் எழுதுவோர் எழுத்தாணியால் கீறி, அதன்மேல் கரி கலந்த மையைத் தடவித் துடைப்பர். மை கீறலுள் தங்கி எழுத்தைப் புலப்படுத்தும். ஆண்டுகள் பல கடந்தால் ஓலை பழுத்துப் பழுப்பேறும், மையும் உதிரும். அப்போது ஓலையின் நிறமும் எழுத்தின் நிறமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். எழுத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இவ்விடத்திலேதான் எண் கைகொடுக்கின்றது. எடுத்துக்காட்டாக, ஏட்டின் படத்தில் வெற்றோலைப் புள்ளி ஒன்றின் எண்கள் 150, 114, 70 என்றும், எழுத்துப் புள்ளி ஒன்றின் எண்கள் 130, 100, 62 என்றும் கொள்வோம். மனிதனின் கண் பச்சை ஒளியை மிகுதியாகவும் நீல ஒளியைக் குறைவாகவும் உணர்வது. ஆதலின், நூற்றுக்குச் சிவப்பில் 30 பங்கும், பச்சையில் 59 பங்கும், நீலத்தில் 11 பங்கும் கூட்டி ஒளியளவு காண்பது ஒரு வழக்கம். அவ்வாறு கணக்கிட்டால் ஓலைக்கு 120, எழுத்துக்கு 105 கிடைக்கும். வேறுபாடு 15 மட்டுமே. இனி, 90 முதல் 130 வரையுள்ள குறுகிய இடத்தை 0 முதல் 255 வரை விரித்துவிட்டால், ஓலை 191 ஆகும்; எழுத்து 96 ஆகும். 15 என்னும் வேறுபாடு 95 ஆகப் பெருகும். மறைந்திருந்த எழுத்து விளக்கேற்றினாற்போல் வெளிப்படும்.

இதுகண்டு சிலர், "இனிச் சுவடி படிக்கும் பயிற்சி எதற்கு? கணினியே பார்த்துக்கொள்ளும்" என்கின்றனர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. அதற்குரிய காரணத்தைக் கூறுகின்றேன்.

1957-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞர், தம் கைக்குழந்தையின் நிழற்படத்தைத் தம் குழுவினருடன் கணினியில் ஏற்றினார். வரிசைக்கு 176 புள்ளிகளாக 176 வரிசைகள் அமைந்தன. ஒவ்வொரு புள்ளியும் கருமை அல்லது வெண்மை என இரண்டில் ஒன்றாகவே பதிவாயிற்று. எந்த அளவு மங்கலைக் கருமை என்று கொள்வது? அந்த எல்லையை வகுத்தவன் மனிதன். பின்னர் எல்லையைக் கணினியே தேரும் முறை ஒன்றை ஜப்பானிய அறிஞர் நொபுயுகி ஒட்சு 1979-இல் வெளியிட்டார். ஆனால் அம்முறையும் எண்களின் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்குமேயன்றி, எழுத்து இன்னது என்று அறியாது.

ஏட்டில் எழுத்து மட்டுமா உள்ளது? எண்ணெய்க் கறை உண்டு, பூச்சி அரித்த துளை உண்டு, வெடிப்பு உண்டு. எழுத்தின் அளவாகிய 105 கறைக்கும் இருத்தல் கூடும். எண் இரண்டையும் ஒன்றென்றே உரைக்கும். மேலும், பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். எது புள்ளி, எது துளை. எது ரகரம், எது கால் என்பதைச் சொல்லும் பொருளும் செய்யுளின் யாப்பும் அறிந்தவனே துணிவான். எழுத்துகளைப் பழகி அறியும் நிரல்கள் இன்று தோன்றியுள்ளன என்பது மெய். அவற்றைப் பழக்கும் பாடங்களில் "இது ரகரம், இது கால்" என்று பிழையின்றிக் குறித்தற்கும் தமிழறிந்த ஆசிரியன் வேண்டும் அன்றோ?

மற்றொரு சாரார், பொறிக்கும் ஏட்டுக்கும் தொடர்பே கூடாது என்பர். அதுவும் பிழையே. ஓலை நம் வாதம் முடியும்வரை காத்திராது. நாள்தோறும் நைந்துகொண்டே செல்கின்றது. இன்று பதியாத எண்ணை நாளை எவரும் பதிய இயலாது.

ஆகவே, ஏடுகளைப் படமெடுப்போர் ஒன்றை மறத்தல் ஆகாது. கருப்பு வெள்ளையாக மாற்றிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதற்படத்தை அழித்தல் பெருங்கேடு. 105-உம் 40-உம் ஒரே கருமையாகிவிட்ட பின், அவற்றை மீண்டும் பிரித்தறிய வழியில்லை. இடம் சுருங்க வேண்டி ஜேபெக் முறையில் சேமித்தாலும் புள்ளிகளின் எண்கள் சிறிது திரியும். முதலெண்கள் திரியாதவாறு சேமித்து வைத்தலே முறை. நாம் இன்று கறை என்று தள்ளியதை, நாளை வருவோன் எழுத்து என்று காணவும் கூடும். அவனுக்கு அந்த வாய்ப்பை மறுக்க நமக்கு உரிமை இல்லை. படம் எடுத்தாயிற்று என்று ஓலையைப் புறக்கணிப்பதும் தகாது. ஐயம் எழுந்தால் சான்று கூறுவது ஓலையே.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக மதித்தவர்கள் நம் முன்னோர். இன்றோ, கணக்கில் வல்லவன் இலக்கணத்தை விடுகின்றான். இலக்கணத்தில் வல்லவன் கணக்கைக் கண்டு அஞ்சுகின்றான். ஒற்றைக் கண்ணால் நோக்கினால் ஆழம் தோன்றாது. நிரல் எழுதக் கற்கும் மாணவன் நன்னூலையும் கற்கட்டும். செய்யுள் கற்கும் மாணவி ஒரு புள்ளியின் மூன்று எண்களையும் கேட்டறியப் பழகட்டும். இரண்டும் அறிந்த ஒருவர் உங்களுள் தோன்றினால், படிக்க இயலாமல் கட்டிவைக்கப்பட்டுள்ள ஏடுகளுள் ஒன்றேனும் மீண்டும் வாய்திறந்து பேசும்.