வெந்நீர் ஊற்று சொல்லும் பாடம்

சென்ற மாதம் எங்கள் தெரு நண்பர் ஒருவர், மகன் அழைத்துச் சென்றதால், சீன தேசத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஷியான் நகருக்கு அருகே லீ மலையடிவாரத்தில் உள்ள ஹுவாசிங் என்ற வெந்நீர் ஊற்றைப் பற்றி அவருக்குச் சொல்லி மாளவில்லை. 8ஆம் நூற்றாண்டில் தாங் வம்சத்துப் பேரரசர் ஷுவான்சோங் தம் காதலி யாங் குய்ஃபெய்க்காக நீராடும் குளம் அமைத்த இடம் அது. பூமியிலிருந்து சுமார் 43 டிகிரி சூட்டில் இன்றும் நீர் வருகிறது. அதற்குப் பக்கத்து விடுதி ஒன்றில் பணம் கட்டி, கழுத்தளவு வெந்நீரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம் நம் நண்பர். முழங்கால் வலி பறந்துவிட்டது என்றார்.

"நம்ம நாட்டிலே இதெல்லாம் எங்கே சார் இருக்கு?" என்று அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இருக்கிறது, அன்பர்களே. நம் நாட்டில் 300க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. பீகாரில் உள்ள ராஜகிருகத்து ஊற்றுகளைப் பற்றி, 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கே எழுதி வைத்துப் போயிருக்கிறார். இமாசலத்து மணிகரணில் ஊற்று நீரிலேயே அரிசியை வேக வைக்கிறார்கள். கடல் கடந்தால், திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவின் ஏழு கிணறுகள் தமிழர் நன்கு அறிந்தவை. இவ்வளவு தூரம் போவானேன்? நம் கர்நாடகத்திலேயே புத்தூருக்கு அருகில், இர்தெ கிராமத்தில், பெந்த்ரு தீர்த்தம் இருக்கிறது. நம் 'வெந்த' என்ற சொல்லே கன்னடத்தில் 'பெந்த' ஆகும். பெயரைக் கேட்டாலே புரிந்துவிடும்.

1986இல் மங்களூர் - ஹாசன் மீட்டர் கேஜ் பாதையில் எனக்கு வேலை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் எங்கே மண் சரியுமோ என்று தூக்கம் இல்லாமல் கிடந்த நாட்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேங்மேன் ஒருவர், "சார், உடம்பு வலிக்கு அங்கே ஒரு முழுக்குப் போடுங்கள்" என்று வழி சொன்னார். மனைவியுடன் போனேன். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே, ஓடைக் கரையில் ஒரு சிறு குளம். இலேசான கந்தக வாடை. காலை வைத்ததும் யாரோ அடுப்பு மூட்டி வைத்தது போன்ற இதமான சூடு. கட்டணம் கிடையாது, காவலாளி கிடையாது. கூலிக்காரரும் தோட்டக்காரரும் ஒன்றாகக் குளித்தார்கள்.

2019இல் ஓய்வு பெற்றதும், பேரனுக்கு அந்த அதிசயத்தைக் காட்ட வேண்டும் என்று கோடை விடுமுறையில் அழைத்துப் போனேன். குளம் இருந்தது. தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது. கை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. "தாத்தா, இதுவா வெந்நீர்?" என்றான் பேரன். அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன். "சுற்றிலும் தோட்டத்துக்குத் தோட்டம் போர் போட்டுவிட்டார்கள், எங்கிருந்து சூடு வரும்?" என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போனாரோ இல்லையோ, சொன்னது சரியான பொறியியல். வெந்நீர் ஊற்றுக்கு எரிமலை வேண்டும் என்பதில்லை. மழை நீர் பாறை இடுக்குகள் வழியே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால், பொதுவாக 25 டிகிரி அளவுக்குச் சூடு கூடும். ஆழத்தில் சூடேறிய நீர், நல்ல வெடிப்பு ஒன்று கிடைத்தால், ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. அதற்கு, கீழிருந்து தள்ளும் அழுத்தம் குறையாமல் இருக்க வேண்டும். சுற்றிலும் துளையிட்டு நீரை இழுத்தால் அந்த அழுத்தம் போய்விடும்.

இரயில்வேக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஜப்பானில் அதாமி என்ற வெந்நீர் ஊற்று நகரத்தின் அருகே தன்னா சுரங்கப்பாதையை 1918இல் தோண்டத் தொடங்கி 1934இல் முடித்தார்கள். நீளம் 7.8 கிலோமீட்டர், பலியானோர் 67 பேர். இரயில் ஓடியது. ஆனால் சுரங்கத்துக்கு மேலே இருந்த தன்னா பள்ளத்தாக்கின் ஊற்றுகள் வற்றிவிட்டன. நெல் விளைத்த குடியானவர்கள் மாடு வளர்க்கப் போனார்கள். கீழே ஒருவன் தோண்டினால் மேலே இன்னொருவனின் தண்ணீர் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி நம் ஆனேக்கலுக்கு வருகிறேன். என் பேச்சைக் கேட்ட நண்பர் சிரித்துக்கொண்டே, "எங்கள் வீட்டு போர் தண்ணீரே மார்கழியில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது" என்றார். சிரிக்கிற விஷயமா இது? ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். நம் தாலுகா, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பகுதி என்று அரசே வகைப்படுத்தியுள்ள தாலுகா. 2024 கோடையில் பெங்களூர் முழுவதும் டேங்கருக்குக் குடத்துடன் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் வீடு கட்டியபோது 350 அடியில் போர் போட்டேன். 2016இல் அது வற்றியதும் 1,100 அடிக்கு இன்னொன்று. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தாரின் திறந்த கிணற்றில், நாங்கள் குடி வந்த புதிதில் நானே கயிறு போட்டு நீர் சேந்தியிருக்கிறேன். "தகொள்ளி சுவாமி" என்று முகம் சுளிக்காமல் தந்தவர்கள். இன்று அந்தக் கிணற்றில் குப்பைதான் இருக்கிறது. என் போரால்தான் வற்றியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. அவர்களும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

நாம் பிழைப்புக்காக இங்கு வந்தவர்கள். மொழியைப் பற்றியும் மரியாதையைப் பற்றியும் சங்கக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். வந்த ஊரின் தண்ணீரை மதிப்பதும் மரியாதைதான் என்பது என் பணிவான கருத்து.

என்ன செய்யலாம்? 30க்கு 40 மனை மீது ஓர் ஆண்டில் விழும் மழை ஏறக்குறைய ஒரு இலட்சம் லிட்டர். 6,000 லிட்டர் டேங்கரில் கணக்கிட்டால் 16 லோடுக்கு மேல். அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு டேங்கருக்குப் போன் செய்கிறோம். மாடி நீரைத் தொட்டியில் சேர்ப்போம், மிஞ்சியதைக் குழியில் இறக்குவோம். வற்றிய போர் இருந்தால், வடிகட்டிய மழை நீரை அதிலேயே திருப்பி விடலாம். நான் சென்ற ஆண்டு அப்படிச் செய்தேன். புதிதாக போர் போட அனுமதி பெற வேண்டும் என்று 2011ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் லாரிக்காரரை நம்பி இரவோடு இரவாகத் துளையிடாமல் இருப்போம். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு போரில் பங்கிட்டுக்கொள்ளவும் முடியும். மனம்தான் வேண்டும்.

போனது திரும்புமா என்று கேட்பீர்கள். நியூசிலாந்தில் ரோட்டொருவா நகரத்து வெந்நீர் ஊற்றுகள் வீட்டுக்கு வீடு போட்ட துளைகளால் நலிந்தன. 1986 - 87இல் அரசு, பொஹுட்டு என்ற பெரிய ஊற்றைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளை மூடச் செய்தது. மக்கள் எதிர்த்தார்கள். ஆனால் ஊற்றுகள் மெல்ல உயிர் பெற்றன.

சீனாவுக்குப் போக வசதி உள்ளவர்கள் போய் வாருங்கள், முழங்காலுக்கு நல்லது. திரும்பி வந்ததும் உங்கள் வீட்டு போர் எத்தனை அடி என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச நான் நேரம் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வருவதாக இருக்கிறேன்.