எண்ணுவதும் எட்டிப் பார்ப்பதும்

இணையச் சேவை வழங்குவோர் தம் வலையமைப்பின் போக்குவரத்தைக் கண்காணிக்க எந்த மென்பொருளைத் தேர்வது என்பது, பொறியியல் துறைகளில் பெரும்பாலும் ஒரு கொள்முதல் கேள்வியாகவே கற்பிக்கப்படுகிறது. விலை, வேகம், வகைப்படுத்தலின் துல்லியம் ஆகியவற்றை அட்டவணையிட்டு ஒப்பிட்டால் ஆய்வேடு நிறைவுற்றது. கம்பியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்கு அந்த அட்டவணையில் கட்டமில்லை.

மாட்டுங்காவின் பொறியியல் வகுப்பறைகளுக்குத் தாராவி தொலைவில் இல்லை. அதன் சந்துகளில் பல வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுசேர்ப்பவர் அதே கேபிள்காரர்தான். மாதந்தோறும் வாசலில் நின்று பணம் வாங்குபவர், எந்த வீட்டில் யார் யார் என்று அறிந்தவர். பெருநிறுவனத்தின் தரவு மையத்தில் வாடிக்கையாளர் ஓர் எண்; இங்கே அவருக்கு முகம் உண்டு. எந்த இணைப்பு நள்ளிரவில் எந்தத் தளத்தைத் திறந்தது என்று திரையில் காட்டும் கருவி, இத்தெருவில் ‘பெயர் நீக்கிய தரவு’ எதையும் தருவதில்லை. வம்பைத் தருகிறது, சில வேளைகளில் அதைவிடக் கொடியதை.

அவருக்கு உண்மையில் தேவை என்ன? இரவு ஒன்பது மணிக்கு எந்த இணைப்பு நிரம்பி வழிகிறது, எந்த சுவிட்ச் செத்தது என்பவைதாம். இதற்கு எஸ்.என்.எம்.பி. எண்ணிகளைப் படித்து வரைபடமாக்கும் எம்.ஆர்.டி.ஜி., காக்டி, லிப்ரெஎன்எம்எஸ் போன்றவை போதும், அனைத்தும் இலவசம். (32 பிட் எண்ணி ஒரு கிகாபிட் வேகத்தில் 34 நொடியில் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை அதைப் படித்து வரைந்த படம் பொய். 64 பிட் எண்ணி வேண்டும். துல்லியத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் இதைப் பேசலாம்.) தாக்குதலை அறிய, ஆயிரத்தில் ஒரு பாக்கெட்டின் தலைப்பை மட்டும் மாதிரியெடுக்கும் எஸ்ஃப்ளோ உண்டு. பாக்கெட்டின் உள்ளே துழாவும் டி.பி.ஐ. கருவிகளோ, போக்குவரத்தின் பெரும்பகுதி மறையாக்கப்பட்டுவிட்ட இக்காலத்தில், பெரிதும் தளத்தின் பெயரையே அறிகின்றன. கேபிள்காரருக்குத் தேவையற்றது எதுவோ, துல்லியமாக அது.

“சட்டம் கேட்கிறதே” என்பது வழக்கமான மறுமொழி. கேட்கிறது. உரிம நிபந்தனைகள் இணைப்புப் பதிவுகளைக் கோருகின்றன; செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை 180 நாள் பதிவுகளைக் கோருகிறது. பூட்டி வைக்கவேண்டிய பதிவு வேறு, கடைத் திரையில் ஓடும் காட்சி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை விற்பது வணிகரின் சாமர்த்தியம். அதை ஆய்வேடு வழிமொழிவதுதான் வெட்கக்கேடு.

அளவீட்டின் பெயரால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2015இல் ஏர்டெல் 3ஜி வழியாகச் சென்ற வலைப்பக்கங்களில் ஓர் இஸ்ரேலிய நிறுவனத்தின் நிரல் செருகப்பட்டிருந்ததைப் பெங்களூரு நிரலாளர் ஒருவர் கண்டறிந்தார். வாடிக்கையாளர் தம் தரவுப் பயன்பாட்டை அறிய உதவும் முயற்சி என்று விளக்கம் வந்தது. கண்டறிந்தவருக்கோ அந்த நிரலை உருவாக்கிய நிறுவனத்திடமிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில், அமெரிக்க அரசுத் துறைகளுக்குள் நுழைய வாயிலாக அமைந்ததும் ஒரு வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளே.

செம்பூர் அடுக்ககத்தில் வசிப்பவர் சினம் கொண்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்வார். தாராவிச் சந்துக்குள் கம்பி இழுத்தவர் ஒருவரே என்றால், அங்குள்ளவர் யாரிடம் மாறுவார்? துல்லியம் 97 சதவீதமா 98 சதவீதமா என்று வாதிடும் ஆய்வரங்குகள் இக்கேள்வியையும் ஒரு கட்டமாகச் சேர்க்கட்டும்.